யார் செய்த குற்றம்?

நெற்றியிலும் இமையிலும் ஒரு பக்கம் மட்டும் பீட்ரூட் சாறு பட்டாற்போலச் சிவப்போடு ஒரு குழந்தை பிறக்கிறது. நம் ஊரில் தாயிடம் கேட்கும் முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தியா?" சில மாதத்தில் வலிப்பும் வந்துவிட்டால் கேள்வியே தீர்ப்பாகிவிடும்.

1879இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஆலன் ஸ்டர்ஜ் பார்த்த சிறுமிக்கு ஆறரை வயது. சிவப்பு முகத்தின் ஒரு பக்கம். வலிப்பு இழுத்ததோ உடலின் மறுபக்கம். மூளையின் ஒரு பாதி உடலின் எதிர்ப்பாதியை ஆள்கிறது. அப்படியென்றால், சிவந்த பக்கத்து மூளையின் மேலும் இதே போன்ற இரத்தக்குழாய்ப் படர்ச்சி இருக்க வேண்டும் என்று அவர் கணித்தார். எக்ஸ்ரே வரவே இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன! அந்தச் சிவப்பை ஊரே பார்த்திருக்கும். அவர் 'யாரால்' என்று கேட்காமல் 'உள்ளே என்ன' என்று கேட்டார். நோயறிதலின் தொடக்கமே இந்தக் கேள்வி மாற்றம்தான் என்று எனக்குப் படுகிறது.

ஸ்டர்ஜ்-வெபர் நோய் என்று பின்னாளில் பெயர் பெற்ற இதில், 'யாரால்' என்பதற்கும் 2013இல் விடை கிடைத்தது. கரு உண்டான பிறகு, ஏதோ ஒரு செல்லில் ஜிஎன்ஏக்யூ என்னும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து தற்செயலாக மாறுகிறது. அந்தச் செல்லின் வழிவந்தவை சென்று சேர்ந்த தோலிலும் கண்ணிலும் மூளையுறையிலும் குழாய்கள் முறைதவறிப் படர்கின்றன. தாய் தந்த மாற்றமல்ல, தந்தை தந்ததுமல்ல. கிரகணத்துக்கும் இதில் பங்கில்லை. இந்த விடை ஒரு குழாயைக்கூடச் சரிசெய்யாது. ஆனாலும் ஒரு பெண்ணைக் கூண்டிலிருந்து இறக்கிவிடுகிறது.

இப்படிச் சிவப்போடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது தோலோடு நின்றுவிடும். நெற்றியிலோ மேல் இமையிலோ இருந்தால் குழந்தை நரம்பியல் மருத்துவரிடமும் கண் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். கண் அழுத்தம் கூடிப் பார்வையே போகலாம். பிறந்த சில வாரங்களில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக அசட்டையாக இருந்துவிட வேண்டாம். தாயிடம் கேட்டே ஆக வேண்டுமென்றால் இதைக் கேளுங்கள்: வலிப்பின்போது எந்தப் பக்கக் கை கால் வெட்டி இழுத்தது, எவ்வளவு நேரம்? மருத்துவருக்கு வேண்டிய சாட்சி அவள்தான்.