பிள்ளை யாரோடு இருக்கும்?

கல்கிசைக் கடற்கரைப் பாறைமேல் நிற்கும் பழைய ஹோட்டலைக் காட்டிக் கொழும்புக்காரர்கள் ஒரு காதல் கதை சொல்வார்கள். ஆங்கிலேய ஆளுநர் சேர் தோமஸ் மெயிற்லண்ட் அங்கே தமக்கொரு மாளிகை கட்டினாராம். லொவீனா என்ற நடனப் பெண்ணை விரும்பினாராம். அவள் ஒருவர் கண்ணிலும் படாமல் வந்துபோகச் சுரங்கப்பாதை வெட்டுவித்தாராம். மாளிகையின் காலம் 1806. அதே ஆண்டு டிசம்பரில் அதே ஆளுநரின் அரசு இன்னொரு காரியமும் செய்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்த தேசவழமைக்கு, 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் சட்டவலுக் கொடுத்தது. மனைவியை இழந்த தகப்பன் மறுபடி ஒருத்தியைக் கைப்பிடித்தால் அவனுடைய பிள்ளைகளுக்கு என்ன வழி என்பது அந்தத் தேசவழமையில் எழுதப்பட்டிருக்கிறது.

அதை 1707இல் ஒல்லாந்தருக்காகத் தொகுத்தவர் யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ். பன்னிரண்டு முதலியார்கள் படித்துப் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்டார்கள். அதில் உள்ள விதி இது: மனைவியை இழந்தவன் தனியாகவே இருந்தால் பிள்ளைகள் அவனோடு இருப்பார்கள். மறுமணம் செய்ய விரும்பினால், சிறுபிள்ளைகளை அவனுடைய மாமியாரோ நெருங்கிய உறவினரோ வாங்கி வளர்ப்பது வழக்கம். அப்போது இறந்தவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும், இருவரும் சேர்ந்து தேடிய தேட்டத்தில் பாதியையும் பிள்ளைகளோடு அவன் கொடுத்துவிட வேண்டும்.

சொத்து விதிகளில் பலவற்றை 1911ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றிவிட்டது. ஆனால் முன்னூறு ஆண்டு கடந்தும் மனத்தில் உள்ள விதி மாறவில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மனைவியை இழந்த ஒருவர் மறுமணம் பற்றி வாய் திறந்தால், உறவினரிடமிருந்து வரும் முதற் கேள்வி, "அப்ப பெடியன் ஆரோட நிப்பான்?" பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "அம்மம்மாவோட நிக்கட்டும்."

தேசவழமையின் அந்த விதிக்குள் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. தாயின் பங்கு பிள்ளைக்குப் போகவேண்டும் என்பது ஒன்று. பிள்ளையே வேறு வீட்டுக்குப் போவது மற்றது. முதலாவதை இன்றும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதைக் கைவிட வேண்டும்.

ஏன் என்பதற்குக் கல்கிசையின் ஏதாவது ஓர் அடுக்குமாடி வீட்டின் காலை நேரத்தைப் பார்த்தாலே போதும். விடியுமுன் எழும்பும் தகப்பன் மகனின் வெள்ளைச் சேட்டையும் நீலக் காற்சட்டையையும் இஸ்திரிக்கை போடுகிறார். பாணுக்குள் முட்டையை வைத்துச் சாப்பாட்டுப் பெட்டியை மூடுகிறார். நித்திரை கலையாத பிள்ளையின் முகத்தைத் தண்ணீரால் துடைத்து, சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டு, ஸ்கூல் வான் வரும்வரை கேற்றடியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மனைவி இருந்த காலத்தில் இந்த வேலைகளில் பாதி அவருக்குத் தெரியாது. அவள் போன பிறகுதான் மகனுக்கு முட்டையில் மிளகு பிடிக்காது என்பதே அவருக்குத் தெரியவருகிறது. தாயை இழந்த பிள்ளைக்குத் தகப்பன் இப்படித்தான், காலை காலையாக, இரண்டாம் முறை கிடைக்கிறார். இந்தப் பிள்ளையை, "அப்பாவுக்குக் கல்யாணம், நீ அம்மம்மா வீட்டில் இரு" என்று அனுப்பிவைத்தால், முதல் இழப்பு காலனால் வந்தது; இரண்டாவது பெரியவர்களால் வந்ததாகிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறு இருக்கிறது. பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவே ஒருத்தியைக் கட்டிக்கொள்வது. 2004 டிசம்பர் 26 சுனாமி இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கிழக்குக் கரையில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் மாண்டார்கள். ஞாயிறு காலை அவர்கள் வீட்டிலும் பிள்ளைகளோடும் இருந்தார்கள், பலருக்கு நீந்தத் தெரியாது. அடுப்பு மூட்டியே பழகாத தகப்பன்மார் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு முகாம்களில் நின்றார்கள். அவர்களுக்கு இளம்பெண்களை அவசரமாகக் கட்டிவைக்கும் நெருக்குதல் வரக்கூடும் என்று ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சிலேயே கவலைப்பட்டது. அந்தக் கவலை நியாயமானது. ஒரு பெண்ணை மனைவி என்று அழைத்துவந்து ஆயா வேலையை ஒப்படைப்பது அவளுக்குச் செய்யும் அநீதி. தன்னை விரும்பாத வீட்டில் அவள் அந்தப் பிள்ளையை எந்த மனத்தோடு விரும்புவாள்? அதனால்தான் தகப்பனின் காதல் பிள்ளைக்கும் வேண்டியதாகிறது.

நல்லபடி நடந்ததற்கு உலகம் அறிந்த ஒரு சாட்சி ஆபிரகாம் லிங்கன். 1818இல் தாய் நான்சி இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அடுத்த ஆண்டு தகப்பன் தோமஸ், இந்தியானாக் காட்டுக் குடிசையில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கென்டக்கிக்குப் போய், முன்பே அறிமுகமான சேரா புஷ் ஜோன்ஸ்டனை மணமுடித்து அழைத்துவந்தார். சேராவும் கணவனை இழந்தவர், மூன்று பிள்ளைகளின் தாய். வந்தவர் அழுக்கேறிக் கிடந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். மண் தரைக்குப் பலகை போடச் சொன்னார். தன் பிள்ளைகளையும் அவர்களையும் ஒரே மாதிரி நடத்தினார். தனக்கு எழுத்து வாசனை இல்லாதபோதும் சிறுவன் வாசிப்பதற்குக் காவல் நின்றார். 1861இல் ஜனாதிபதியாகப் பதவியேற்க வாஷிங்டன் புறப்படுமுன் லிங்கன் அவரைத் தேடிப்போய்ப் பார்த்து விடைபெற்றார். அந்தப் பிள்ளைகளை யாரும் வேறு வீட்டுக்கு அனுப்பவில்லை.

நம் ஊரில் சேராவைப் போன்ற பெண்ணுக்கு வழி இன்னும் கடினம். மனைவி இறந்து அந்தியேட்டி முடிந்த கையோடு ஆணுக்குப் பெண் பார்க்கத் தொடங்கும் அதே உறவினர், கணவனை இழந்தவள் புதுச்சேலை உடுத்தாலே பேசுவார்கள். மறுமணத்துக்கு ஆணுக்குள்ள உரிமை அவளுக்கும் உண்டு. இரண்டு குடும்பங்கள் ஒன்றாகும்போது அவளுடைய பிள்ளையும் அதே மேசையில் இருந்து சாப்பிட வேண்டும்.

மகன் வேண்டாம் என்றால்? வசந்த் இயக்கிய 'கேளடி கண்மணி' 1990இல் இந்தக் கேள்வியைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தது. எஸ். பி. பாலசுப்ரமணியம் நடித்த தகப்பன், மகள் மறுத்ததால் தன் விருப்பத்தைக் கைவிடுகிறார். வளர்ந்த மகள், தான் பிரித்தவர்களைச் சேர்த்துவைக்க அலைகிறாள். சிறுபிள்ளையின் மறுப்பு அநேகமாகப் பயம்தான்: அப்பாவும் போய்விடுவாரோ, அம்மாவை எல்லாரும் மறந்துவிடுவார்களோ என்ற பயம். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது, அதட்டி அடக்கவும் கூடாது. அவகாசம் கொடுக்க வேண்டும். வருகிறவள் சில மாதங்கள் விருந்தாளியாக வந்து, அவனோடு கடற்கரையில் பட்டம் விட்டுவிட்டுப் போகட்டும். அம்மா என்று கூப்பிடச் சொல்லி ஒருவரும் அவனை நெருக்காமல் இருக்கட்டும்.

அம்மம்மாவையும் நினைக்க வேண்டும். மகளைப் பறிகொடுத்தவருக்கு அந்த முகச்சாயலோடு மிஞ்சியிருப்பவன் பேரன் ஒருவனே. அவனையும் இழந்துவிடுவோம் என்ற பயத்தில்தான் அவர் மறுமணத்தை எதிர்க்கிறார். ஆட்டைத் திவசத்தைப் புது வீட்டிலேயே செய்து, அவரை முதல் ஆளாக அழைத்து, வந்தவள் கையால் சமைத்த படையலை மறைந்தவளின் படத்துக்கு முன் வைக்கும் வீட்டில் அந்தப் பயம் மெல்லக் கரையும். பள்ளி விடுமுறையில் பேரன் அவரிடம் போய் நிற்கட்டும். ஆனால் விடுமுறை முடிந்ததும் திரும்பிவர அவனுக்குத் தகப்பன் வீடு இருக்க வேண்டும்.

இந்த வழியில் நிற்கும் தகப்பன்மாருக்கு ஒரு வேண்டுகோள். திருமணப் பதிவுக்கு நாள் குறிக்குமுன் நொத்தாரிசிடம் போய், மனைவி கொண்டுவந்த நகை, காணி, வங்கிப் பணம் எல்லாவற்றிலும் பிள்ளைக்குச் சேரவேண்டியதை எழுத்தில் பிரித்து வையுங்கள். வரப்போகிறவருக்கு அதை மறைக்காமல் சொல்லுங்கள். உறவுக்காரர் வாயிலிருந்து மகன் செய்தியைக் கேட்க நேராமல், நீங்களே அவனை அருகில் இருத்திச் சொல்லுங்கள். அவன் கேட்காவிட்டாலும், அவன் உங்களோடுதான் இருப்பான் என்பதை முதலில் சொல்லுங்கள்.