மூப்பு திரும்புமா?



சென்ற பௌர்ணமி உபோசதத்தன்று பஞ்சசீலம் கூறி முடித்தபின் ஓர் இளைஞர் எழுந்து நின்றார். "ஐயா, மூப்பு துக்கம் என்றும், அதனைத் தப்பியவர் எவருமில்லை என்றும் போதிக்கிறீர்கள். விஞ்ஞானிகளோ முதிய உயிரணுவை இளமையாக்கினோம் என்கிறார்கள். அப்படியாயின் பகவான் கண்ட முதல் சத்தியம் பொய்த்துப் போகாதா?" என வினவினார். சிலர் அவரைக் கடிந்தனர். நாம் கடியவில்லை. எவர் கூறினும் ஆராய்ந்தே ஏற்கவேண்டும் எனக் காலாமர்க்குப் போதித்தவரின் வழியில் வந்தோர் கேள்விக்கு அஞ்சலாகாது.

முதற்கண் நடந்தது யாதெனக் காண்போம். நம் தேகத்தின் உயிரணுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மரபுச் செய்திதான். ஆயினும் கண்ணின் அணு கண்ணாகவும், தோலின் அணு தோலாகவும் நிற்பதேன்? அச்செய்தியில் எதைப் படிப்பது, எதை மூடிவைப்பது என்று குறிக்கும் இரசாயன அடையாளங்கள் மரபு இழைமீது உள்ளன. நெசவறிந்தார்க்கு இது எளிதில் விளங்கும். பாவு நூல் ஒன்றே. எந்த இழை எழவேண்டும், எது தாழவேண்டும் என்று துளையிட்ட அட்டை கட்டளையிடுவதால் ஒரு தறியில் பூவும் மறு தறியில் கொடியும் விளைகின்றன. வயது ஏற ஏற அந்த அட்டை குழம்புகிறது. 2013-ஆம் ஆண்டில் ஸ்டீவ் ஹார்வத் என்பார் மரபு இழையின் 353 இடங்களில் உள்ள அடையாளங்களைக் கொண்டே வயதைக் கணிக்கும் முறையை வெளியிட்டார்.

ஜப்பான் தேசத்துக் கியோட்டோ சர்வகலாசாலையில் ஷின்யா யமனாக்கா 2006-இல் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, எலியின் முதிர்ந்த அணுவைக் கருவின் அணுப் போன்ற நிலைக்குத் திருப்பினார்; 2007-இல் மனித அணுவிலும் அதனைச் செய்தார். 2012-இல் ஜான் கர்டனுடன் நோபல் பரிசு பெற்றார். ஆனால் முற்றிலும் திருப்பினால் அணு தான் யாரென்பதையே மறந்துவிடும். உயிருள்ள எலியில் அவ்வாறு செய்தபோது கட்டிகள் தோன்றின. ஆதலின் பாதி வழியில் நிறுத்தும் முறை பிறந்தது. அமெரிக்காவின் சால்க் ஆராய்ச்சிக் கழகத்தில், விரைந்து மூப்படையும் நோயுள்ள எலிகளில் அம்மரபணுக்களை இரண்டு நாள் இயக்கி, ஐந்து நாள் ஓய்வளித்தனர். சுமார் 18 வாரமே வாழும் அவை சுமார் 24 வாரம் வாழ்ந்தன என்று 2016-இல் அறிவித்தனர். 2020-இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர், புற்றுநோய்க்கு ஏதுவாகும் ஒரு மரபணுவை விலக்கி, எஞ்சிய மூன்றினால் முதிய எலிகளுக்குப் பார்வையை ஓரளவு மீட்டனர்.

இவை அரிய செயல்கள். இவற்றைக் கேட்டவுடன் "பகவான் அன்றே இதனைச் சொன்னார்" என்று வீண்பெருமை பேச வேண்டா. அவர் உயிரணுவைப்பற்றிப் போதிக்கவில்லை. துக்கத்தையும் அதன் காரணத்தையும் பற்றிப் போதித்தார். ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. மூப்பும் காரணத்தால் வருவது. காரணம் மாறினால் அதுவும் மாறும் என்பதே இவ்வாராய்ச்சி காட்டும் செய்தி. இது தலையெழுத்துக் கொள்கைக்குப் பகையேயன்றித் தம்மத்துக்குப் பகையன்று. பிறப்பால் வந்த இழிவை விதியென ஏற்க மறுத்து, மும்மணிகளைச் சரணடைந்த நமக்கு இதில் அஞ்சுவதற்கு என்ன உளது?

ஆனால் 24 வாரம் வாழ்ந்த எலியும் இறந்தது. கூடியவை பிரியும் என்ற நியதி ஆறு வாரம் தள்ளி நின்றதேயொழிய அழிந்துபோகவில்லை. எண்பதாம் வயதில் பகவானே தம் உடலை, வாரால் கட்டி ஓட்டப்படும் பழைய வண்டிக்கு ஒப்பிட்டு ஆனந்தரிடம் கூறினார். வண்டியைப் பழுதுபார்ப்பது குற்றமன்று. வண்டியே நாம் என்று பற்றுவதே துக்கம். நூறாண்டு கூடினும் வேட்கை தணியாதவனுக்குத் துக்கமும் நூறாண்டு கூடும்.

ஈண்டு நம் குற்றம் ஒன்றையும் சொல்லவேண்டும். நாம் பஞ்சாலையில் உழைத்த காலத்தில் கார்டிங் பிரிவில் ஒரு தோழர் இருந்தார். பருத்தித் தூசி நெஞ்சில் படிந்து, நாற்பத்தெட்டு வயதிலேயே எழுபது வயதினர் போல் மூச்சிரைத்துப் படியேறுவார். "என் தலைவிதி" என்பார். நாமும் தலையசைத்தோம். விதியன்று, அடைத்த சன்னலும் தூசியுமே அவர் மூப்பை விரைவாக்கின. தூசி உறிஞ்சும் விசிறி வேண்டுமென்று சேர்ந்து கேட்டிருக்கலாம். கேளாதிருந்தோம். காரணத்தை அறிந்தும் நீக்க முயலாதவன் தம்மத்தைக் காதால் மட்டுமே கேட்டவன் என்பதை அவர் மறைந்த பின்னரே உணர்ந்தோம்.

நாளை அம்மருந்து வரலாம். வரும்போது பொன் உள்ளவனுக்கு மட்டும் இளமையும், உழைப்பவனுக்கு மூப்பும் என்று ஆகாதபடி கேட்பது நம் கடமை. அதுவரை நம் கைக்கெட்டிய காரணங்கள் பல உள: தூசியைத் தடுத்தல், கள்ளையும் புகையையும் விலக்கல், வீட்டு முதியவருக்கு வேளைக்கு உணவும் இன்சொல்லும் அளித்தல்.

கேள்வி கேட்ட தம்பிக்கு நாம் கூறும் விடை இதுவே: சத்தியம் பொய்க்கவில்லை. மூப்புக்குக் காரணம் தேடுவோர் ஆய்வுக்கூடத்தில் தேடட்டும். துக்கத்துக்குக் காரணத்தை நாம் நம் உள்ளத்திலும், நம் ஆலையிலும், நம் வீட்டிலும் தேடுவோம். கண்ட காரணத்தை இன்றே நீக்குவோம்.

சகல உயிர்களும் நலமுறுக. நமோ புத்தாய.