நாள் குறித்த பூசலார்

‘இந்த வீட்டு லோன் அடையட்டும், பெண்ணுக்கு நல்ல இடம் அமையட்டும், அப்புறம் நிம்மதியாக உட்கார்ந்து நாலு ஸ்லோகம் சொல்லலாம்.’ நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. ‘நாளையைப் பற்றி நினைக்காதே, இந்த நிமிடத்தில் வாழ்’ என்று உபதேசிப்பவர்களும் இருக்கிறார்கள். சொல்வது சுலபம்! நாளைய இட்லிக்கு இன்றே அரிசி ஊறப்போட வேண்டிய இல்லத்தரசியிடம், நாளையை மறந்துவிடு என்றால் நடக்குமா?

திருநின்றவூர் பூசலார் இந்த இரண்டு கட்சியிலும் சேராதவர். அறுபத்துமூவரில் ஒருவரான அவருக்கு ஓர் ஆசை... ஈசனுக்குக் கோயில் கட்ட வேண்டும். பொருள் தேடி அலைந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. வருந்தினார். ஆனால், ‘பணம் வரட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று ஒத்திப்போடவில்லை. மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார்.

அவர் கட்டிய விதத்தைச் சேக்கிழார் சொல்லக் கேட்க வேண்டும். கண்ணை மூடினார், கோயில் வந்துவிட்டது என்றா சொல்கிறார்? இல்லை. கட்டுமானப் பொருட்களை மனத்திலேயே சிறுகச் சிறுகச் சேர்த்தார். தச்சர்களை அழைத்தார். நல்ல நாள் பார்த்து, ஆகமப்படி அடித்தளம் போட்டார். இரவிலும் உறங்கவில்லை. அடியில் உபானம் முதல் உச்சியில் சிகரம் வரை ஒவ்வொன்றாக எழுப்பினார். ஸ்தூபி வைத்தார், சுதை வேலை முடித்தார். கிணறு தோண்டினார், மதில் எடுத்தார், குளமும் வெட்டினார். நினைப்பில் கட்டுவதுதானே என்று ஒரு வேலையையும் தாண்டிப் போகவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார்.

அன்றைக்கு எந்தக் கல்லோ, அதில்தான் அவர் மனம். ஆனால், அந்தக் கல் எதற்கு என்பதும் மறக்கவில்லை. நாமோ கவலைப்படும்போது நேராகச் சிகரத்துக்குத் தாவிவிடுகிறோம். பெண்ணுக்கு வரன் அமையவில்லையே என்ற ஏக்கத்தில், டிபன் பாக்ஸோடு எதிரே நிற்கும் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்க்காமல் இருந்துவிடுகிறோம். அவள் நம் வீட்டில் இருக்கப்போகிற நாட்களும் இவைதானே, சகோதரிகளே!

அதே சமயம் காஞ்சியில் பல்லவ மன்னன் பெரும் கற்றளி எழுப்பியிருந்தான். அவன் ராஜசிம்மன் என்பதும், அந்தக் கோயில் 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கயிலாசநாதர் கோயில் என்பதும் பலரின் கருத்து. அவன் அசரீரி கேட்ட செய்தி அந்தக் கோயிலின் வடமொழிக் கல்வெட்டிலேயே இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு முந்தின இரவு ஈசன் அவன் கனவில் வந்தார். நின்றவூர்ப் பூசல் கட்டிய ஆலயத்துக்குள் நாளை நாம் புகப்போகிறோம், உன் விழாவைப் பிறகு வைத்துக்கொள் என்றார்.

மன்னன் ஓடோடி வந்து ஊராரைக் கேட்டான். அப்படி ஒரு கோயிலே இல்லை என்றார்கள். பூசலாரையே தேடிப் போய் வணங்கி விசாரித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது.

எல்லோரும் இங்கே மன்னன் வந்த பெருமையைத்தான் பேசுவார்கள். எனக்கென்னவோ, வராமல் இருந்திருந்தால் என்ற கேள்விதான் பெரிதாகப் படுகிறது. கனவே வராவிட்டாலும் மறுநாள் அந்தக் கும்பாபிஷேகம் நடந்துதான் இருக்கும். ஊர் நம்ப வேண்டும், அடையாளம் தெரிய வேண்டும் என்று பூசலார் காத்திருக்கவில்லை. கேட்ட வரம் இன்னும் வரவில்லையே, என் வேண்டுதல் எங்கே போயிற்று என்று உள்ளுக்குள் அழுகிற தாய்மார்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பூசலார் கையிலும் காட்டுவதற்கு ஒரு செங்கல்கூட இருக்கவில்லை.

சென்னை - அரக்கோணம் ரயில் மார்க்கத்தில் ஆவடியைத் தாண்டினால் திருநின்றவூர். அங்கே ஈசனுக்கு இருதயாலீஸ்வரர் என்றே திருநாமம். கருவறையிலேயே பூசலாரையும் தரிசிக்கலாம். இதய நோய் தீர வேண்டிக்கொண்டு பலர் வருகிறார்கள். ஐப்பசி அனுஷம் அவரது குருபூஜை நாள். என்னைப் பெற்ற தாயார் அருளும் பக்தவத்சலப் பெருமாள் சந்நிதியும் இதே ஊரில்தான். ஒரே நாளில் இரண்டையும் சேவிக்கலாம்.

விவரம் கேட்டு வியந்த மன்னன், பூசலாரின் காலில் விழுந்து வணங்கிவிட்டுக் காஞ்சிக்குத் திரும்பினான். பூசலார் குறித்த வேளையில் ஈசனைத் தம் மனக்கோயிலில் பிரதிஷ்டை செய்தார். அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. பின்னும் பல நாள், அந்தந்தக் காலத்துப் பூஜையை அந்தந்தக் காலத்தில் செய்துகொண்டிருந்தார்.