தனக்கும் பயன்படும் தருமம்

ஒரு பகுதியில் மனையும் கடையும் உடையவர்கள் கூடி, அதன் துப்புரவுக்கும் விளக்குக்கும் காவலுக்கும் தங்கள்மேல் தாங்களே ஒரு வரி விதித்துக்கொள்ளும் ஏற்பாடு இன்று பல நாடுகளில் உண்டு. கனடாவின் டொராண்டோவில், புளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைத்தெருவில் 1970-இல் இது முதலில் சட்ட வடிவம் பெற்றது. சான் பிரான்சிஸ்கோவில் இதற்குச் சமூக நன்மை வட்டம் என்று பெயர். அங்கே அவரவர் கட்டவேண்டிய தொகைக்கு ஏற்பவே வாக்கின் எடை கணக்கிடப்படுகிறது. பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் ஒப்பாதவரும் கட்டியாக வேண்டும். குடியிருப்பவருக்கு, சொத்து இல்லையென்றால், வாக்கும் இல்லை.

இந்த ஏற்பாடு பழைய அறக்கேள்விகள் சிலவற்றை மீண்டும் எழுப்புகிறது. தெரு திருந்தினால் கொடுத்தவரின் மனை விலையும் ஏறும். தன்னிடமே திரும்பி வரும் பணத்தைத் தருமம் என்று சொல்ல முடியுமா? கட்டாயத்தின் பேரில் கொடுத்தால் அதில் புண்ணியம் உண்டா?

முதல் கேள்வியைத் தரும சாத்திரங்கள் வெளிப்படையாகவே எடுத்துப் பேசின. வேள்வி முதலியவற்றை இஷ்டம் என்றும், கிணறு, குளம், சோலை, கோயில், அன்னசாலை அமைப்பதைப் பூர்த்தம் என்றும் அவை பிரித்தன. வேள்விக்கு உரிமை மறுக்கப்பட்ட நான்காம் வருணத்தாரும் பெண்களும் பூர்த்தம் செய்யலாம். இதற்குள் நுட்பமான ஒரு வேறுபாடும் இருந்தது. தானத்தில் கொடுப்பவர் உண்டு, பெற்றுக்கொள்பவரும் உண்டு. குளத்தை வெட்டி ஊருக்கு விடுவதில் பெற்றுக்கொள்ளும் கை என்று தனியாக ஒன்று இல்லை. உடையவர் தம் உரிமையை எல்லா உயிர்களுக்குமாக விட்டுவிடுகிறார். அப்படி விட்டவர் அந்தக் குளத்தில் தாமே குளிக்கலாமா, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்ட குற்றம் ஆகாதா என்று உரைகாரர்கள் ஆராய்ந்தார்கள். எல்லோருக்கும் என்று விட்டபோது அந்த எல்லோரில் அவரும் ஒருவர். ஆகவே குளிக்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. கொடுத்தவருக்குப் பயன் கிடைப்பதால் அறம் கெடுவதில்லை. குளம் தம்முடையதே என்ற பிடியை அவர் விடாதபோதுதான் அது கெடுகிறது.

திருக்குறளின் அதிகார முறையும் இதற்கு ஒத்துப்போகிறது. ஒப்புரவறிதல் 22-ஆம் அதிகாரம், ஈகை 23-ஆம் அதிகாரம். வறியவருக்குக் கொடுப்பதற்கு முன்பே ஊரோடு ஒத்து வாழும் கடமை பேசப்படுகிறது. அதற்கு வள்ளுவர் காட்டும் சான்றுகளில் ஊரார் நீருண்ணும் குளமும் ஊர் நடுவே பழுத்த மரமும் உண்டு.

ஊரோடு ஒத்து வாழும் இந்தக் கடமை காஞ்சிபுரத்தில் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு, 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நகரம் பொதுச்செலவை எப்படி நடத்தியது என்று காட்டுகிறது. ஊரகம், அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயில், அதன் மையம். நகரில் நிறுப்பதற்கும் அளப்பதற்கும் வாங்கிய கூலிகள், கோல்நிறைகூலி, கால்அளவுகூலி என்ற பெயர்களில், அக்கோயிலுக்குச் சேர்ந்தன. கோயிலின் பொன் நகரத்துக் குடியிருப்புகளிடம் வட்டிக்கு விடப்பட்டு, அந்த வட்டியில் பூசையும் திருவிழாவும் நடந்தன. மேற்பார்வைப் பொறுப்பு பட்டசாலிகள் என்ற நெசவாளர்களிடம் இருந்தது. அவர்கள் குடியிருந்த கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, ஏற்றுவழிச்சேரி என்ற நான்கு சேரிகளும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. வரவு செலவு நகரத்தாரின் பார்வைக்கு வந்தாக வேண்டும். தறியில் உழைத்தவர்கள் நகரின் பொதுப்பணத்தைக் காத்தார்கள் என்பது இந்தச் செப்பேட்டில் மிக முக்கியமான செய்தி. காஞ்சிபுரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் போதிய அளவு நினைவுகூர்வதில்லை.

அதே நூற்றாண்டில் உத்திரமேரூர் வேறு வழியில் போனது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைக்காகப் பெரிதும் போற்றப்படுகின்றன. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர் என்று வேலை பிரிக்கப்பட்டது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது. போற்ற வேண்டியதுதான். ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட, இறை செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் தேவை. அந்த ஏரியின் நீரில் பயிர் செய்த நிலமற்றவர் எவர் பெயரும் குடத்துக்குள் போகவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் எடைபோட்ட வாக்கும் இந்தக் கால்வேலி விதியும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை: சுமப்பவர் உடையவர், ஆகவே முடிவும் அவருடையது.

வணிகரிடையே இதே ஏற்பாடு மகமை என்ற பெயரில் நெடுங்காலம் நிலைத்தது. விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் நாடார் உறவின்முறைகள் சரக்கின் மேல் ஒரு சிறு தொகை எடுத்துப் பேட்டையும் கிணறும் கோயிலும் பள்ளியும் அமைத்தன. காமராசர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்தது. வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடியரிசியும் அதைத் தாங்கியது. உறவின்முறையின் முடிவை மீறுவது எளிதல்ல என்பதால் மகமையிலும் கட்டாயம் இருந்தது. இரண்டாம் கேள்விக்கு இங்கிருந்து ஒரு விடை கிடைக்கிறது. மனமில்லாமல் கொடுத்தவருக்குப் புண்ணியம் சேராமல் போகலாம். அதற்காகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இல்லாமல் போவதில்லை. அதில் படித்த பிள்ளைக்கு யார் முகம் சுளித்துக் கொடுத்தார் என்பது தெரியாது.

காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் இந்தச் சிந்தனைக்குச் சாலைக்கிணறு துணை நிற்கிறது. விந்தியக் காட்டில் வழி தவறிய இளம் இராமானுசரை வேடர் உருவில் வந்த பெருமாளும் தாயாரும் இங்கே அழைத்து வந்து தண்ணீர் கேட்டதாகவும், பின்னர் திருக்கச்சி நம்பியின் சொல்லால் அவர் நாள்தோறும் இந்தக் கிணற்றிலிருந்து வரதராசருக்குத் தீர்த்தம் சுமந்ததாகவும் வைணவ குருபரம்பரை சொல்கிறது. கிணற்றை வெட்டியவர் யார் என்று கதை சொல்வதில்லை. வழிப்போக்கரான வேடரின் தாகத்துக்கும் வரதராசரின் திருமஞ்சனத்துக்கும் நீர் தந்தது ஒரே கிணறு.

செவிலிமேடு 2011-இல் காஞ்சிபுரம் நகராட்சியோடு இணைந்தது. 2021-இல் அந்நகராட்சி மாநகராட்சி ஆனது. இத்தகைய நகரங்களில், தொடக்கத்தில் சொன்ன சமூக நன்மை வட்டத்துக்குத் தமிழ்நாட்டில் நெருங்கி வருவது நமக்கு நாமே திட்டம். பொதுவாக ஒரு பணியின் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும். பணம் தந்தவரின் விருப்பமே தெருவின் தேவை ஆகிவிடும் வாய்ப்பு இதிலும் உண்டு. காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவு நூலை வீதி நீளத்துக்கு நீட்டிக் கட்டி, இழை இழையாகப் பிரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்துவார்கள். அந்த நேரத்தில் தெருதான் அவர்களுடைய பட்டறை. அழகுபடுத்துவதாகச் சொல்லி அங்கே நடுவில் தடுப்பும் ஓரத்தில் வண்டி நிறுத்தமும் வந்தால், மனைக்காரருக்கு விலை ஏறும், வாடகை வீட்டில் குழித்தறி போட்டிருப்பவருக்கு வேலையிடம் போகும். உயர்ந்த வாடகையின் வழியே அந்தச் செலவில் ஒரு பங்கையும் அவரே கட்டுவார். குளத்தை வெட்டியவர் அதில் குளிக்கலாம் என்ற அனுமதி, மற்றவர்களும் இறங்கலாம் என்ற விதியோடு சேர்ந்தே கிடைத்தது. ஆகவே தெருவைத் திருத்தும் கூட்டத்துக்குக் குடிக்கூலிக்காரரையும் அழைப்பது உடையவர் காட்டும் தயவு ஆகாது. செலவைச் சுமப்பவர்களில் அவரும் ஒருவர் என்பதால் அந்த இடம் அவருக்கு உரியது.