அன்று அவர்கள் எங்கே இருந்தார்கள்?

2025 செப்டம்பர் 27 இரவு, கரூர் வேலுச்சாமிபுரத்தில் ஓர் அரசியல் பரப்புரைக் கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. மறுநாள் காலை டீக்கடையிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கியது. "நியூஸ் வந்தப்ப நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார் ஒருவர். "நான் அப்பதான் ஊருக்குக் கிளம்பினேன்" என்றார் இன்னொருவர். அடுத்த கட்டமாக, பழி யார் மேல் என்ற சண்டை மூண்டது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒன்று விட்டுப்போயிற்று. 2005 டிசம்பர் 18 அன்று சென்னை எம்.ஜி.ஆர். நகரில், வெள்ள நிவாரணம் வாங்க விடியுமுன்னே பள்ளி வாசலில் வந்து நின்ற ஏழைகள் 42 பேர் இதே போன்ற நெரிசலில் மிதிபட்டுச் செத்தார்கள். அதற்கும் முன்பு, 1992-இல், கும்பகோணம் மகாமகக் குளக்கரையில் பக்தர்கள் நசுங்கி இறந்தார்கள். அந்தச் சாவுகளிலிருந்து நாம் என்ன கற்றோம் என்று கேட்ட குரல் மிகச் சன்னமாகவே கேட்டது.

இதிலிருந்து ஓர் அறக்கேள்வி எழுகிறது. ஊரே அழுத ஒரு நாளை ஆண்டுகள் பல கழிந்தபின் நினைக்கும்போது, அன்று நாம் எங்கே இருந்தோம் என்பதை நினைப்பது அந்தத் துயரத்தை நினைப்பதாகுமா? ஆகாது என்பதே இக்கட்டுரையின் முடிவு. அது நம்மை நாமே நினைத்துக்கொள்வது. இறந்தவர்களுக்குச் செலுத்தவேண்டிய கடனை அது ஒரு காசளவும் தீர்ப்பதில்லை.

சுனாமியை எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளைப் பற்றித் தமிழ்நாட்டில் நாற்பது வயது கடந்த யாரைக் கேட்டாலும் ஒரு கதை வரும். தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருந்தேன், தேவாலயத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன், மெரினாவுக்குப் போவதாக இருந்து சோம்பலில் போகாமல் விட்டேன். 2024 டிசம்பரில் இருபதாம் ஆண்டு நினைவுநாள் வந்தபோது கைப்பேசிகளில் ஓடிய நினைவுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 8,000 பேர். இலங்கையில் 30,000-க்கும் மேல். இவ்வளவு பெரிய சாவின் நினைவு, கடைசியில் சொல்பவரின் அன்றைய காலை உணவில் வந்து நிற்கிறது.

இப்படி நினைப்பதில் நியாயமே இல்லையா? கொஞ்சம் உண்டு. பெருந்துயரத்தை மனம் ஏதாவது ஒரு இடத்தில் கட்டித்தான் வைக்கும். பறம்பு மலையை இழந்த பாரியின் மகளிரும் ஒரு மாதத்துக்கு முந்திய நிலவு நாளைச் சொல்லித்தான் அழுதார்கள் என்று புறநானூறு காட்டுகிறது. ஆனால் அவர்கள் தந்தையையும் மலையையும் நாட்டையும் பறிகொடுத்தவர்கள். அந்த நிலவைச் சொல்லும் உரிமையை இழப்பு அவர்களுக்குத் தந்தது. தொலைக்காட்சியில் பார்த்தவருக்கு அதே உரிமை கிடையாது. ஒரு வீட்டில் சாப்பறையும் அடுத்த வீட்டில் மணமுழவும் ஒலிக்கும் உலகைக் கண்டு நெஞ்சு நொந்தவர் பக்குடுக்கை நன்கணியார். மணமுழவு கேட்ட வீட்டில் இருந்தவர், ஆண்டுகள் கழித்துத் தம்மையும் சாப்பறை கேட்ட வீட்டுக்காரராக எண்ணிக்கொள்வது அறமாகாது.

அந்த நினைவு நம்பத் தகுந்ததும் அன்று. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையே, செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று உல்ரிக் நைசர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்து அவர்களையே மறுபடி கேட்டார். மிகச் சிலருடைய பதிலே முன்பு எழுதியதோடு முழுதும் பொருந்தியது. பலர் இடத்தை மாற்றிச் சொன்னார்கள், உடன் இருந்தவர்களை மாற்றிச் சொன்னார்கள், ஆனாலும் உறுதியாகச் சொன்னார்கள். தம் கையெழுத்தையே காட்டியபோதும் அவர்களுக்குப் பழைய நினைவு திரும்பவில்லை. ஆக, நாம் அரியதாகப் போற்றும் அந்தக் காட்சியில் பாதி நாமே பின்னால் கட்டியதாக இருக்கலாம். கட்டும்போது நம்மை நடுவில் நிறுத்திக்கொள்கிறோம்.

நினைவுகூர்தல் என்றால் என்ன என்பதற்குத் தமிழ் மரபில் விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. தொல்காப்பியம் நடுகல்லுக்கு முறை வகுத்திருக்கிறது. கல்லைத் தேர்ந்து காண்பது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது எனப் படிப்படியாக அது செல்கிறது. அந்தக் கல்லில் எழுதப்பட்டது இறந்தவனின் பெயரும் அவன் பெருமையும். ஆநிரை மீட்கும்போது வீழ்ந்தானா, ஊரைக் காக்கும்போது வீழ்ந்தானா என்று காரணத்தைக் கல்லே சொல்லும். செங்கத்திலும் தருமபுரியிலும் இன்றும் நிற்கும் கற்களைப் போய்ப் பார்க்கலாம். இறந்தவன் யார், எதற்காக இறந்தான் என்ற இரண்டையும் விட்டுவிட்டு, கல் நட்டவர்கள் அன்று எங்கே நின்றார்கள் என்று மட்டும் பொறித்த கல்லை நம் முன்னோர் நடவில்லை.

அப்படியானால் சுனாமிக்கு நாம் நடவேண்டிய கல்லில் என்ன எழுதவேண்டும்? இறந்தவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள் என்பதை எழுதவேண்டும். இதை யோசிக்க யோசிக்க நெஞ்சு கனக்கிறது. ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005-இல் வெளியிட்ட அறிக்கை, கடலூரில் இறந்த பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று கணக்குச் சொன்னது. கடல் எப்படி ஆளைப் பிரித்தது? ஆண்கள் பலர் மீன்பிடிக்க ஆழக்கடலுக்குப் போயிருந்தார்கள். ஆழத்தில் சுனாமி அலை படகை மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும், உள்ளே இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பெண்கள் கரையில் நின்றார்கள். படகு வந்ததும் மீனைப் பிரிக்க, கூடையில் ஏற்ற, விற்கக் கொண்டுபோகக் காத்திருந்தார்கள். பலருக்கு நீந்தத் தெரியாது. இடுப்பில் குழந்தை இருந்தது. சேலை காலைக் கட்டியது. நாகப்பட்டினத்தை அடுத்த அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் குடிசைகள் கடலை ஒட்டியே இருந்தன, ஏனென்றால் படகையும் வலையையும் விட்டு விலகி அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. இதுதான் அவர்கள் அன்று இருந்த இடம். இந்த இடத்தை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

இன்னொன்றையும் அந்தக் கல்லில் பொறிக்கவேண்டும். சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது நம் நேரப்படி காலை 6.29-க்கு. சென்னையிலும் அதிர்வு தெரிந்தது. சிலர் கட்டிலிலிருந்து எழுந்து வெளியே வந்து, கொஞ்ச நேரம் தெருவில் நின்றுவிட்டு உள்ளே போனார்கள். தமிழ்நாட்டுக் கரையை அலை அடித்தது ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு. ஒரு மனிதர் நடந்தே பல கிலோமீட்டர் உள்ளே போய்விடக்கூடிய நேரம் அது. அந்த நேரத்தில் கரைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. சொல்ல ஒரு ஏற்பாடு இந்தியப் பெருங்கடலில் அப்போது இல்லை. ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது 2007 அக்டோபரில்தான்.

வள்ளுவர் மறதிக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். பொச்சாவாமை என்ற அந்த அதிகாரம், முன்கூட்டியே காத்துக்கொள்ளாமல் மறந்திருந்தவன் துன்பம் வந்தபின் தன் பிழையை எண்ணி வருந்துவான் என்கிறது. குற்றங்கடிதலில், வருமுன் காவாதவன் வாழ்க்கை நெருப்பின் முன் வைக்கோல்போல் கெடும் என்கிறார். அறிவுடைமையில், வரப்போவதை அறிந்து காப்பவர்க்கு நடுங்க வைக்கும் துன்பம் இல்லை என்கிறார். பிறர் நோயைத் தன் நோய்போல் காவாதபோது அறிவினால் ஆவது என்ன என்று இன்னாசெய்யாமையில் கேட்கிறார். நான்கு இடத்திலும் வள்ளுவர் கேட்பது ஒன்றே. துயரத்தைப் பார்த்தாய், அதனால் என்ன செய்தாய்? நீ எங்கிருந்து பார்த்தாய் என்று அவர் எங்குமே கேட்கவில்லை. சுடுகாட்டுக்குப் பிணம் போவதைக் கண்ட பின்னும் இங்கே இன்பம் உண்டென்று மயங்கி நிற்பவனை நாலடியார் கடிந்துகொள்வதும் இதே காரணத்தால்தான். கண்ணால் கண்டது நடத்தையை மாற்றவேண்டும்.

மணிமேகலை இதைக் கதையாகவே சொல்கிறது. புகாரைக் கடல் கொண்டது ஏன்? சோழ மன்னன் நெடுமுடிக்கிள்ளி, கடலில் காணாமல்போன தன் மகனைத் தேடித் துயரத்தில் ஆழ்ந்தான். அந்தச் சொந்தத் துயரத்தில் இந்திரவிழாவை மறந்தான். ஊர் தவறாமல் செய்துவந்த கடமை தவறியது. தெய்வத்தின் சாபத்தால் ஊரைக் கடல் விழுங்கியது. தெய்வச் சாபத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அந்தக் காப்பியத்தைப் பாடிய சாத்தனார் சொன்ன அறத்தை மட்டும் தள்ளமுடியாது. மன்னனின் துயரம் பொய்யன்று, ஆனால் தன் துயரத்துக்குள் தலை கவிழ்ந்தவன் ஊரின் காவலை விட்டான். அந்தப் பூம்புகார்க் கரையையும் 2004-இல் அலை அடித்தது என்பதை இங்கே சொல்லாமல் இருக்கமுடியவில்லை.

அறத்தோடு நினைவுகூர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தீவே சாட்சி. சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கிறது சிமெலூ. 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. அலை வர அங்கே இரண்டு மணி நேரம் ஆகவில்லை, சில நிமிடங்களே ஆயின. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர். காரணம், 1907-இல் அங்கே ஒரு சுனாமி வந்து பெரும் அழிவு செய்தது. பிழைத்தவர்கள் அதைப் பாட்டாக்கினார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்று தாய்மார் தொட்டிலிலேயே பாடி வளர்த்தார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து நிலம் ஆடியதும், முந்தைய அலையைக் கண்ணால் காணாத பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் "ஸ்மோங்! ஸ்மோங்!" (அவர்கள் மொழியில் சுனாமி) என்று கத்திக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். 1907-இல் எந்தப் பாட்டி எந்த வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியவேண்டியது தெரிந்திருந்தது. அந்தப் பாட்டு இல்லாத இந்தோனேசியக் கரைகளில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

ஜப்பானின் அனேயோஷி என்ற சிற்றூரில் 1933 சுனாமிக்குப் பிறகு ஒரு கல் நட்டார்கள். இந்தக் கல்லுக்குக் கீழே வீடு கட்டாதே என்று அதில் இருக்கிறது. ஊரார் கல்லின் பேச்சைக் கேட்டு மேலேயே குடியிருந்தார்கள். 2011-இல் அலை அந்தக் கல்லைத் தொடாமல் கீழேயே நின்றுவிட்டது. நடுகல் கண்ட இனமல்லவா நாம்? நம் கரைகளில் 2004-இல் தண்ணீர் எதுவரை ஏறியது என்று காட்டும் ஒரு கல் ஒவ்வொரு குப்பத்திலும் நின்றிருக்க வேண்டாமா? பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு தன் பின்னால் இருந்த சிற்றூர்களில் சேதத்தைக் குறைத்தது என்று ஆய்வாளர்கள் அப்போதே எழுதினார்கள். இறந்தவர்களை நினைப்பவர் அந்தக் காட்டையும் நினைக்கவேண்டும், அதை வெட்டவரும் கையையும் தடுக்கவேண்டும்.

மெழுகுவத்தி ஏற்றுவதும், கடலில் பால் ஊற்றுவதும், மலர் தூவுவதும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் டிசம்பர் 26-இல் கரையில் வந்து நின்று அழும்போது அவளுக்கு அறம் போதிக்கும் தகுதி எவருக்கும் கிடையாது. இங்கே சொல்லப்படுவதெல்லாம் இழக்காதவர்களுக்கு. கடலோரத்தில் வளரும் பிள்ளைகளில் பலர் 2004-க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு "அன்று நான் எங்கே இருந்தேன்" என்ற நினைவே இருக்கப்போவதில்லை. நம் தலைமுறையின் கதை நம்மோடு போய்விடும். அவர்களுக்கு நாம் கொடுக்கவேண்டியது வேறு. நிலம் ஆடினால் எந்தத் தெரு வழியாக ஓடுவது, எந்தக் கட்டடத்தின் மாடி தாங்கும், படகை விட்டுவிட்டு ஓடு என்று கணவனுக்கும் மீன்கூடையை விட்டுவிட்டு ஓடு என்று மனைவிக்கும் யார் சொல்வது என்பதெல்லாம்.

2020-இல் ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி என்ற இரண்டு சிற்றூர்களை, சுனாமியை எதிர்கொள்ள ஆயத்தமான ஊர்கள் என்று யுனெஸ்கோ அறிவித்தது. அந்த ஊர்க்காரர்கள் தப்பிச்செல்லும் வழியை வரைபடமாக்கினார்கள், பலகை நட்டார்கள், ஒத்திகை செய்து பார்த்தார்கள். பழவேற்காட்டிலிருந்து குமரி வரையுள்ள ஊராட்சித் தலைவர்களும் பள்ளித் தலைமையாசிரியர்களும் மீனவப் பஞ்சாயத்தாரும் வரும் டிசம்பர் 26 காலை, மலர் தூவி முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக மேட்டுநிலம்வரை ஒருமுறை நடத்திக் கூட்டிப் போங்கள்.