காது கொடுத்த கேள்வி

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கும் பெண் போன மாசி மாதத்தில் ஒரு நாள் பிளாஸ்டிக் கோப்பு ஒன்றோடு வீட்டுக்கு வந்தாள். உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவள். இரண்டாவது முயற்சியில் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி வாங்கியிருந்தாள். மருத்துவ ஆராய்ச்சியில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன.

"அக்கா, இந்த ஒரு பக்கத்தை மட்டும் பாத்துக் குடுங்க. எதுக்காக ஆராய்ச்சிக்கு வர்றேன்னு எழுதணுமாம்."

வாசித்தேன். புற்றுநோய், நானோ துகள்கள், மூலக்கூறுகள். பிழையில்லாத ஆங்கிலம். பத்துக் கட்டுரைகளைப் படித்து வடித்த சாரம். ஆனால் எழுதியது யாரென்று அந்தப் பக்கத்தில் தெரியவில்லை. பெயரை மாற்றினால் நாட்டில் எந்த மூலையில் இருக்கும் எந்த மாணவியும் அதையே கொடுக்கலாம்.

"இந்தக் கேள்வி உனக்கு எங்கேயிருந்தும்மா வந்துச்சு?" என்றேன்.

"இப்ப இதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்னு சொன்னாங்கக்கா."

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் எழுதினேன். நேர்காணலில் இருந்த முதிய அம்மையார் ஒருவர் என் தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, "இதுக்கு விடை கிடைச்சா யாருக்கு என்னம்மா மாறும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இடமும் கிடைக்கவில்லை. என் ஆங்கிலம்தான் காரணம் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்க வந்து, மாணவர்களின் விண்ணப்பங்களை வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த அம்மையார் கேட்டதன் கனம் புரிந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் அவள் அப்பாவின் குரல் கேட்டது. தெருவே திரும்பிப் பார்க்கும் குரல். இருபத்தெட்டு ஆண்டுகளாக விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை. எதிரில் நிற்பவர் பேசும்போது அவர் கண் உதட்டின் மேலேயே இருக்கும். செல்போன் வந்தால் எடுத்து மகள் கையில் கொடுத்துவிடுவார்.

"அப்பாவுக்குக் காது எப்படிம்மா இருக்கு?"

"பட்டறைக்காரங்க எல்லாருக்கும் அப்படித்தான்க்கா. சத்தம் கேக்குது, பேசறதுதான் புரியலைம்பாங்க. தறி ஓட்டுனா அப்படித்தான இருக்கும்."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். சேலம் அம்மாபேட்டையில் பிறந்த எங்களுக்குத் தறிச்சத்தம் மழைச் சத்தம் மாதிரி, இருப்பதே தெரியாது. என் பாட்டி காலத்தில் குழித்தறியில் சேலை நெய்தார்கள். தெருவில் பாவு ஓட்டுவார்கள். திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். பேச்சு கேட்கிற அளவில்தான் தறியின் ஓசை இருந்தது. விசைத்தறி வந்த பிறகு பேச்சு நின்று சைகை வந்தது.

அவள் சொன்ன அந்த ஒரு வரிக்குள் மருத்துவம் இருக்கிறது. விசைத்தறிக் கூடத்தின் ஓசை 90 டெசிபலைத் தாண்டும். உட்காதில் நத்தைக்கூடு போன்ற உறுப்புக்குள் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் ஆண்டுக்கணக்கில் அந்த அடியை வாங்கிச் சாகின்றன. மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன் முதலில் போகும். உயிரொலிகள் கேட்கும், பல மெய்யொலிகள் நழுவிவிடும். அதனால்தான் "சத்தம் கேக்குது, பேச்சு புரியலை." காதுநோய் நூல் விளக்குவதை அந்தத் தொழிலாளி தன் வாயாலேயே சொல்லிவிட்டார். எழுதிக்கொள்ளத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

அப்படிக் கேட்டு எழுதிக்கொண்ட மருத்துவர் ஒருவர் இத்தாலியில் இருந்தார், பெர்னார்தினோ ரமாசினி. தன் வீட்டுக் கழிவுக்குழியைச் சுத்தம் செய்ய வந்த ஆள் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்று அவரிடமே கேட்டார். அதற்கு மேல் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்று அந்த ஆள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். அங்கே தொடங்கிய தேடல், தொழிலாளர்களின் நோய்கள் பற்றி 1700-இல் வெளிவந்த நூலானது. செம்பு தட்டுகிறவர்களுக்குக் காது மந்தமாவதை அப்போதே அதில் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு "நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர்தான்.

தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல் வினவுவதையும் குறிக்கும், செவிமடுப்பதையும் குறிக்கும். வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்தார். அது வினா எழுப்புவதைப் பற்றியதன்று, பிறர் சொல்வதைச் செவியால் பெறுவதைப் பற்றியது. ஆராய்ச்சி என்றவுடன் நாம் முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். இரண்டாவது பொருள் இல்லாமல் முதலாவதற்கு உயிர் வராது என்பது என் எண்ணம்.

அப்படிச் செவிகொடுத்துப் பிறந்த கேள்விகள் நம் மாநிலத்திலும் உண்டு. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். ஓய்வு, நல்ல உணவு, தூய காற்று. ஏழைகளுக்கு அங்கே படுக்கை இல்லை. வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கேட்டது வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு. நெருக்கடியான வீடுகளில், குறைந்த உணவோடு, வேலை செய்துகொண்டே ஓராண்டு மருந்து உட்கொண்டவர்கள், சானடோரியத்தில் இருந்தவர்களோடு ஏறத்தாழச் சமமாகவே குணமடைந்தார்கள். வீட்டாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-இல் முடிவு வெளியானது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே அது மாற்றியது. ஏழையின் வீட்டை உள்ளபடி பார்த்தவர்களால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது.

எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று உண்டு. 1985-இன் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வேட்டுக்குத் தலைப்பு வேண்டியிருந்தது. எய்ட்ஸ் பற்றிப் பார்க்கலாம் என்றார் பேராசிரியர் சுனிதி சாலமன். அது மேல்நாட்டு நோய், நம் ஊரில் இருக்காது என்று எல்லோரும் நம்பிய காலம். நிர்மலா காவல் இல்லத்தில் இருந்த பாலியல் தொழிலாளிகளிடம் இரத்த மாதிரிகள் எடுத்தார். வைக்க இடமில்லாமல் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார். 1986 பிப்ரவரியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவற்றை எடுத்துப்போனார். பரிசோதனையில் ஆறு மாதிரிகள் நிறம் மாறித் தொற்றைக் காட்டின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது இப்படித்தான் தெரிந்தது. பின்னாளில் நாமக்கல் லாரி ஓட்டுநர்களிடையே நடந்த விழிப்புணர்வுப் பணிகள் அத்தனைக்கும் வேர் அந்த மாணவியின் ஆய்வேட்டில் இருக்கிறது.

ஒரு மாணவியின் உழைப்பு நாட்டின் கண்ணைத் திறந்தது. அதே வேளை, அந்தப் பெண்களிடம் எதற்கான பரிசோதனை என்று விளக்கப்படவில்லை. அன்றைய வழக்கம் அப்படி. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது. மனிதர் மீது ஆய்வு செய்வோர் அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மாதிரியைக் கொடுப்பவருக்கும் சொல்ல ஒரு சொல் இருக்கிறது. அதையும் கேட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் ஒரு நல்ல மறுப்பைச் சொன்னாள். "சத்தத்துல காது போகும்னு முந்நூறு வருசமா தெரியும்கறீங்க. அப்புறம் நான் எதைக்கா கண்டுபிடிக்கிறது?"

சரியான கேள்வி. சோகம் மட்டும் ஆய்வாகாது. விடை தெரிந்ததை மறுபடி அளந்து பட்டம் வாங்குவதும் ஆய்வாகாது. அதனால் இருவரும் தெருவையே மறுபடி பார்த்தோம். எங்கள் ஊரில் பல தறிகள் வீட்டோடு ஒட்டியே ஓடுகின்றன. நான்கு தறி வைத்த வீடு தொழிற்சாலைக் கணக்கில் வராது. அதே கூரையின் கீழ் குழந்தை தூங்குகிறது, கர்ப்பிணி சமைக்கிறாள். அவர்கள் தொழிலாளிகள் என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. இரவு பகலாக அந்த ஓசையில் இருக்கும் அவர்களின் தூக்கம் என்ன ஆகிறது, இரத்த அழுத்தம் என்ன ஆகிறது? காதடைப்பான் கொடுத்தாலும் நெசவாளர் ஏன் கழற்றி வைக்கிறார்? நூல் அறுந்ததைத் தறியின் ஓசை மாறுவதிலிருந்தே அறிகிறவர் அவர். காதை அடைத்தால் தொழில் கெடும். அவருக்கு ஏற்ற காப்பு எப்படி இருக்க வேண்டும்? செவித்திறன் குறையத் தொடங்குவதை முன்கூட்டியே காட்டும் அடையாளம் இரத்தத்தில் கிடைக்குமா? கடைசிக் கேள்வியைச் சொன்னதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் படித்த உயிர்வேதியியல் அங்கே வந்து சேர்ந்தது. தொழில்சார் நலனுக்கென்றே அகமதாபாத்தில் தேசிய நிறுவனம் இருக்கிறது; பெங்களூரில் அதன் தென்மண்டல மையம் இருக்கிறது. யாரிடம் போய்க் கேட்பது என்பதும் தெரிந்தது.

எல்லோரும் பிறந்த தெருவையே ஆராய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1930-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற எல்லாப்ரகட சுப்பாராவ், ஸ்ப்ரூ எனும் குடல்நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்தவர். பின்னாளில் அவர் குழு தயாரித்த ஃபோலிக் அமிலம் அந்நோய்க்கு மருந்தானது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. யானைக்கால் நோய்க்கும் புற்றுநோய்க்கும் அவருடைய ஆய்வகத்திலிருந்து மருந்துகள் வந்தன. நானோ துகளை ஆராய்ந்தாலும் சரி, அது யாரோ ஒருவரின் சொல்லைக் கேட்டதிலிருந்து தொடங்கியிருந்தால் அது உங்கள் கேள்விதான்.

இதை மேடைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. நடைமுறைக் காரணமும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக ஆறு ஆண்டு வரை. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023-இலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய். வாழப் போதும், ஆனால் அது வந்து சேரும் நாள் தள்ளிப்போகலாம். உடன் படித்தவர்கள் வேலைக்குப் போய் வீடு கட்டுவார்கள். "இன்னும் எத்தனை வருசம் படிப்பு?" என்று உறவுக்காரர்கள் அம்மாவைக் கேட்பார்கள். மாதக்கணக்கில் செய்த சோதனை ஒரே நாளில் வீணாகும். அப்போது வாய்ப்பு அதிகம் என்று எடுத்த கேள்வி கை கொடுக்காது. யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது தெரிந்தால்தான் மறுநாள் காலை ஆய்வகக் கதவைத் திறக்கக் கை போகும்.

அவள் இரண்டு வாரம் எதையும் எழுதவில்லை. அப்பாவோடு பட்டறைக்குப் போய் உட்கார்ந்தாள். அடுத்த வீட்டு அம்மாக்களிடம் தூக்கம் பற்றிப் பேசினாள். பிறகு எழுதிக்கொண்டு வந்த பக்கத்தில் ஆங்கிலம் முன்பைவிட எளிமையாக இருந்தது. முதல் வாக்கியமே அப்பாவின் வாக்கியம்: சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை. அவரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதினாளாம். அவர் இரண்டு முறை கத்திக் கேட்டுப் புரிந்துகொண்டு, "எழுதிக்கோ சாமி" என்றாராம்.

அவளுக்கு இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அந்தக் கேள்வியை இனி யாரும் அவளிடமிருந்து எடுக்க முடியாது.

ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். அந்த ஒரு பக்கத்தை எழுதும் முன், நோயோடு வாழும் ஒருவர் பக்கத்தில் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். பட்டம் வாங்கிய பிறகு அவரிடமே திரும்பப் போய், கிடைத்த விடையை அவருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.