டிக்கெட் இல்லாதவர்களின் கணக்கு

நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போன ஒரு ரயில். அதில் எத்தனை பெட்டிகள், எந்த கேஜ், எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் டீ குடித்துக்கொண்டே உற்சாகமாகப் பேசுவது சரியா? கொஞ்சமாவது கூச்சம் வர வேண்டாமா? ரயில் பித்து உள்ளவர்களிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விதான்.

நான் சொல்வது பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர், எண் 653. 1964 டிசம்பர் 22, நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து கிளம்பிய வண்டி. தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குச் சில நூறு கஜம் இருக்கும்போது புயல் அலை அடித்துக்கொண்டு போனது. அந்த ராத்திரியோடு தடமும் முடிந்தது. அதற்குப் பிறகு தனுஷ்கோடிக்கு ரயில் போகவே இல்லை.

நாங்கள் இருப்பது திண்டுக்கல்லில். ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலை, நடுவில் செம்மண்ணும் மானாவாரிக் காடும். கடல் என்றால் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிற விஷயம். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நாலைந்து பேர், ஒரு பேங்க் ஊழியர், ஒரு பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற ஒரு ரயில்வே கார்டு, நான், மூடப்பட்ட ஒரு கடலோரப் பாதையை இன்ச் இன்ச்சாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்குத் தண்டவாளம் வந்தது 1875இல். 1914 வரை மெட்ராஸிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறினார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தார்கள். போட் மெயில் மானாமதுரை வழியாகத் தனுஷ்கோடிக்குப் போக ஆரம்பித்தது. எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் போதும். தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறி, கொழும்பு போய்விடலாம்.

இந்த ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரம் வழியாகத்தான் தனுஷ்கோடிக்கு ரயில் போயிருக்கும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இப்போதைய ரோடு அப்படிப் போவதால் வரும் குழப்பம். உண்மையில் பாம்பன் ஒரு ஜங்ஷன். அங்கிருந்து ஒரு பாதை ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று தனியாகத் தெற்கே ஒதுங்கிச் சுமார் 24 கிலோமீட்டர் தனுஷ்கோடிக்கு. பழைய சர்வே வரைபடத்தை ஸ்கேன் செய்து சாட்டிலைட் படத்தின் மேல் பொருத்தினால், மணலில் அந்தக் கரைமேடு அங்கங்கே மெல்லிய கோடாகத் தெரியும். சில இடங்களில் கடலுக்குள் போய்விட்டது. எஞ்சியிருப்பதைப் போனால் பார்க்கலாம்: ஸ்டேஷனின் சுவர்கள், தண்ணீர்த் தொட்டியின் தூண்கள், பவளக்கல்லில் கட்டிய தேவாலயத்தின் மிச்சம். ஒரு கோட்டைக் கண்டுபிடித்து, அதன் மேல் ஒரு ஸ்டேஷன் சரியாக வந்து உட்காரும்போது கிடைக்கிற சந்தோஷம், ரெண்டு நாளாகப் படுத்திய ஒரு பக் சரியாகும்போது வருகிற அதே சந்தோஷம்தான்.

என் மனைவிக்கு இந்தச் சந்தோஷம்தான் உறுத்தியது. "பெட்டி ஆறுன்னு தெரியும், டைம் தெரியும், ட்ரெய்ன் நம்பர் தெரியும். அதுல போனவங்கள்ல ஒருத்தர் பேராச்சும் உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது. ஏன் தெரியாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கார்டு சாரிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, கார்டு கையில ரஃப் ஜர்னல் இருக்கும். வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை மணிக்கு எடுத்தோம், லோடு எவ்வளவு, ஏன் லேட்டு, எல்லாம் எழுதுவோம். ஆளை எழுத மாட்டோம். பாசஞ்சர் வண்டிக்கு ஏதுப்பா சார்ட்டு?"

அந்த வண்டியில் 110 பயணிகளும் 5 ஊழியர்களும் இருந்ததாகத் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 பேர் வரை இருக்கலாம் என்ற மதிப்பீடும் உண்டு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பவர்களை யோசித்துப் பாருங்கள். காசில்லாதவர்கள், தினம் போய் வருவதால் யாரும் கேட்காதவர்கள், கடைசி நிமிஷத்தில் ஓடி ஏறியவர்கள். 115 என்று எழுதும்போது இவர்கள் சாகவே இல்லை என்று ஆகிவிடுகிறது.

என் தொழிலில் பூஜ்யத்துக்கும் வெற்றிடத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. டேட்டாபேஸில் ஒரு கட்டத்தில் பூஜ்யம் இருந்தால், எண்ணிப் பார்த்தோம், யாரும் இல்லை என்று அர்த்தம். காலியாக இருந்தால், எண்ணவே இல்லை என்று அர்த்தம். அந்தக் காலிக் கட்டத்தைக் கூட்டலில் சேர்த்தால் கம்ப்யூட்டர் பேசாமல் விட்டுவிட்டுப் போய்விடும். அறிக்கை சுத்தமாக வரும். பார்ப்பவருக்கு எதையோ விட்டிருக்கிறோம் என்றே தெரியாது. 115 அப்படிப்பட்ட சுத்தமான எண்.

இதே மாதிரி காலியாக விட வேண்டிய இன்னொரு கட்டம் உண்டு. அந்த ராத்திரி சிக்னல் கிடைக்கவில்லை, டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, நீளமாக விசில் கொடுத்துத் துணிந்து வண்டியை எடுத்தார் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் ஓடுகிறது. படிக்கும்போது சினிமா மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த வண்டியிலிருந்து யாரும் உயிரோடு திரும்பவில்லை. அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்று நமக்கு யார் வந்து சொன்னார்கள்? செத்துப்போன ஒரு தொழிலாளியின் மேல் ஒரு முடிவை ஏற்றி, அதை வீரம் என்றோ அசட்டுத் துணிச்சல் என்றோ சொல்லிவிடுகிறோம். பதில் சொல்ல அவர் இல்லை. தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே விட்டுவைப்பதும் ஒரு மரியாதை. ரயில் பித்தர்களின் நச்சரிப்பு இங்கேதான் உதவுகிறது. "இதுக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்கிற ஆள், உருக்கமாகக் கதை சொல்கிற ஆளைவிட இறந்தவர்களுக்கு அதிக நியாயம் செய்கிறார்.

ஆகவே நுணுக்கம் குற்றமில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த நுணுக்கம் எதன் பக்கம் போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதுதான் பிரச்சனை.

போட் மெயிலைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே முதல் வகுப்புப் பெட்டியும் வெள்ளைக்காரத் துரைகளும் டைனிங் காரும் வந்துவிடும். இர்வின், கோஷன் என்ற இரண்டு நீராவிக் கப்பல்களின் பெயரும் வந்துவிடும். அதே பாதையில் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகள் யாருடைய ஏக்கத்திலும் வருவதில்லை. கங்காணியின் பின்னால் போன அவர்கள் மண்டபம் முகாமில் தனிமைப்படுத்தப்பட்டு, பரிசோதனை முடிந்து, அப்புறம்தான் கடல் தாண்டினார்கள். இவர்களில் பலர் பழைய மதுரை ஜில்லாவின் வறண்ட ஊர்களிலிருந்து போனவர்கள். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். அதுவரை நாங்களும் அந்த ஜில்லாதான். அதனால் இது எங்களுக்கு அந்நியமான கடலோரத்தின் கதையில்லை. மழை பொய்த்த எங்கள் காடுகளிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டுபோன பாதையின் கதை.

அந்தப் புயலுக்கு இரண்டு மாதம்கூட ஆகாத முன்பு, 1964 அக்டோபர் 30ஆம் தேதி, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா திரும்ப ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு. அவர்களைக் கேட்டு எடுத்த முடிவில்லை. போன பாதையிலேயே திரும்பி வர வேண்டியவர்களுக்கு அந்தப் பாதையும் இல்லாமல் போனது. பிற்பாடு தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். ஒரு பாதையின் கடைசிப் பக்கத்தை எழுதும்போது இன்ஜினை எழுதிவிட்டு இவர்களை விட்டுவிட்டால், அதை ரயில் வரலாறு என்று சொல்வதே தப்பு.

போன வருஷம் எங்கள் குழுவில் ஒருவர் தனுஷ்கோடி மணலில் கிடந்த ஒரு துருப்பிடித்த தண்டவாள ஆணியை எடுத்து வந்துவிட்டார். அழகான ஆணி. மேஜையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். எடுத்து வந்தது சரியா என்று பெரிய வாக்குவாதம். அவர் சொன்னார், அங்கேயே கிடந்தால் உப்பில் கரைந்துதானே போகும்? கார்டு சாருடைய பதில் வேறு: "சாவு வீட்டுக்குப் போனா கை வீசிட்டுத்தாம்பா வரணும்." இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆணியை எடுத்து வந்தவரிடம், அங்கே குடியிருக்கிற மீனவர்கள் யாரிடமாவது பேசினீர்களா என்று கேட்டபோது இல்லை என்றார். எனக்கு ஆணியைவிட அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. 'பேய் நகரம்' என்று நாம் கூசாமல் எழுதுகிற இடத்தில் இன்றைக்கும் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. குழந்தைகள் விளையாடுகிற ஊருக்குப் பேய் நகரம் என்று பெயர் வைத்தால், அங்கே இருப்பவர்களைப் பேய் என்று சொன்னதாகத்தான் ஆகும்.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 1879 டிசம்பர் 28, ஸ்காட்லாந்தில் டே ஆற்றுப் பாலம் புயலில் இடிந்து, மேலே போய்க்கொண்டிருந்த ரயில் முழுவதும் ஆற்றில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. பாலத்துக்கு முந்தைய ஸ்டேஷனில் வாங்கிவைத்திருந்த டிக்கெட்டுகளை எண்ணி, சுமார் 75 பேர் என்று கணக்குச் சொன்னார்கள். அந்த எண்தான் நூறு வருஷத்துக்கும் மேல் ஓடியது. ஆற்றிலிருந்து தூக்கிய இன்ஜினைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டினார்கள். அதற்கு 'முக்குளிப்பான்' என்கிற மாதிரி ஒரு செல்லப்பெயர்கூட வைத்தார்கள். இன்ஜினுக்குப் பெயர் கிடைத்தது, ஆட்களுக்கு எண் மட்டும். பிறகு குடும்ப வரலாற்று ஆர்வலர்கள் இறப்புப் பதிவுகளைத் தேடி, ஒவ்வொரு பெயராக உறுதிசெய்தார்கள். 2013இல், 134 வருஷம் கழித்து, 59 பெயர்கள் பொறித்த நினைவுக்கல்லை ஆற்றங்கரையில் வைத்தார்கள். எண் குறைந்திருக்கிறது, கவனியுங்கள். ஆனால் இந்த 59 பேருக்கும் பெயர் இருக்கிறது. இதைச் செய்தவர்களும் நம்மைப் போல ஒரு பித்துப் பிடித்தவர்கள்தான். அதே நச்சரிப்பை ஆட்கள் பக்கம் திருப்பினார்கள், அவ்வளவுதான்.

கடலுக்கு அந்தப் பக்கமும் ஒன்று உண்டு. 2004 சுனாமியில் இலங்கையின் தெற்குக் கடலோரப் பாதையில் பெரலியா என்ற இடத்தில் ஒரு ரயில் முழுவதும் அலையில் போனது. ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். அங்கேயும் டிக்கெட் கணக்கு முழுக் கணக்காகவில்லை. ஆனால் அந்த இன்ஜினைச் சரிசெய்து, டிசம்பர் 26 அன்று அதே இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, இறந்தவர்களுக்குச் சடங்கு செய்கிறார்கள். இன்ஜினும் ஆட்களும் ஒரே நினைவில் இருக்கிறார்கள்.

தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். பித்தர்களில் பாதிப் பேருக்கு அதில் சந்தோஷம், மீதிப் பேருக்கு இடிபாடு போய்விடுமே என்ற கவலை. புதுப் பாதை வந்தாலும் வராவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எங்கள் ஷீட்டில் இப்போது ஒரு புது டேப் திறந்திருக்கிறோம். பெயர், ஊர், எதற்காகப் போனார், யார் சொன்னது. நான்கே பத்திகள். தெரியாத கட்டத்தில் பூஜ்யம் போடக் கூடாது, காலியாக விட வேண்டும் என்று மேலே எழுதிவைத்திருக்கிறது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ராமேஸ்வரத்திலும், "எங்க சித்தப்பா அந்த வண்டியிலதான் போனாரு" என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். 1964இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. இன்ஜின் நம்பரை அடுத்த தலைமுறைகூடத் தேடிக்கொள்ளலாம், காகிதம் எங்காவது ஒரு அலமாரியில் கிடக்கும். இவர்களிடம் கேட்பதை அடுத்த தலைமுறைக்கு விட முடியாது.